இருபத்து நான்காவது ஸ்லைடர்

திருக்கழுக்குன்றம்,
ஜூன் 9.

அன்புள்ள ஜெபக்குமாருக்கு,

இங்கே நான், உன் அண்ணி ஸ்ரீதேவி, கடை, வண்டி எல்லோரும் நலம். நீ செய்து அனுப்பிய ஈக்வலைசர் பெட்டி ஒன்றுதான் நலமாக இல்லை. நாகர்கோவிலில் நீயும் தங்கச்சியும் மகளும் சுகமாக இருப்பீர்கள் என்று நினைத்துக்கொண்டு இதை எழுதுகிறேன்.

கையில் போன் இருக்க இவன் ஏன் கடிதம் எழுதுகிறான் என்று நினைப்பாய். உன்னோடு போனில் பேசுவது பேஜாராகிவிட்டது. பானைக்குள் தலையை விட்டுக்கொண்டு பேசுகிற மாதிரியே பேசுகிறாய். போன வாரம் ஈக்வலைசரில் ஃபியூஸ் எங்கே இருக்கிறது என்று கேட்டேன். நீ உன் மகள் பிளஸ் டூவில் வாங்கிய மார்க்கைச் சொன்னாய். இரண்டு பேரும் மாறி மாறி ‘என்ன, என்ன’ என்று கத்தியே இருபது நிமிடம் போயிற்று. தாளில் எழுதினால் எழுதியது அப்படியே நிற்கும், யாரும் கத்த வேண்டாம்.

விஷயத்துக்கு வருகிறேன். நாம் சேர்ந்து சவுண்ட் சர்வீஸ் நடத்திய பன்னிரண்டு வருடமும் நம்மிடம் இருந்தது ஒரே ஒரு பத்து பேண்ட் ஈக்வலைசர் பெட்டி. கருங்குழியிலிருந்து கல்பாக்கம் வரை எத்தனை கல்யாணம், எத்தனை கட்சிக் கூட்டம், எத்தனை கூழ் வார்த்தல்! மேலும் கீழும் தள்ள பத்தே பத்து ஸ்லைடர். ஒருத்தராவது குறை சொன்னதுண்டா? நீ முதுகு வலி என்று சொல்லிவிட்டு ஊருக்குப் போய் ஆறு வருடம் ஆகிறது. அதற்குப் பிறகும் அதே பெட்டியைத்தான் வைத்து ஓட்டினேன்.

நீதான் கேட்கவில்லை. போன வருடம் வந்தபோது என் கடையில் உட்கார்ந்து பெரிய வகுப்பே எடுத்தாய். பழைய பெட்டி கட்டைச் சத்தத்திலிருந்து கீச்சுச் சத்தம் வரை பத்துத் துண்டாகத்தான் வெட்டியிருக்கிறது, துண்டு ஒவ்வொன்றும் அகலம், அதனால் ஒரு ஸ்லைடரை ஏற்றினால் அக்கம்பக்கமெல்லாம் சேர்ந்து ஏறும், மைக் ஓரிடத்தில் விசில் அடிக்கிறது என்று ஒரு ஸ்லைடரை இறக்கினால் பேசுகிறவன் குரலே பாதி போய்விடும் என்றாய். நீ செய்கிற புதுப் பெட்டியில் முப்பத்தொரு துண்டு, ஒன்றைத் தொட்டால் அது மட்டும்தான் அசையும் என்றாய். பேசிய நேரமெல்லாம் தலையைத் திருப்பி வலது பக்கத்தையே என்னிடம் நீட்டிக்கொண்டிருந்தாய். கேட்டால் கழுத்துச் சுளுக்கு என்றாய். சுளுக்கோடு இவ்வளவு தூரம் வந்து சொல்கிறானே என்று நம்பி வாங்கினேன்.

இப்போது கேள். உன் பெட்டியில் இருபத்து நான்காவது ஸ்லைடர், அதாவது கீச்சுச் சத்தத்துக்கு 4000 என்று எழுதியிருக்கிறதே, அது வேலை செய்யவில்லை. அடியில் வைத்தாலும் உச்சியில் வைத்தாலும் ஒரே மாதிரி இருக்கிறது. அதற்கு முன்னால் இருக்கும் 3150 ஏதோ கொஞ்சம் முனகுகிறது. 5000, 6300 இரண்டும் சுத்தமாகச் செத்துவிட்டன. பழைய பெட்டியில் 4000-ஐத் தொட்டாலே சத்தம் பளிச்சென்று திறந்துகொள்ளும். அந்தப் பெட்டியை நீ கேலி செய்தாய்!

நான் சவுண்ட் வைக்கிற முறை உனக்குத் தெரியும். மைக்கில் ‘ஸ்… ஸ்… ச்ச்’ என்பேன். அந்த ‘ஸ்’ தனியாக என் காதுக்கு வந்து சேரும் வரை மேல் ஸ்லைடர்களை ஏற்றுவேன். உன் பெட்டியில் நான்கு ஸ்லைடரை உச்சிக்கு ஏற்றினால்தான் ஏதோ கொஞ்சம் வருகிறது. அப்படித்தான் போன ஞாயிறு கருங்குழியில் ஒரு காதணி விழாவுக்கு வைத்தேன். விழா வீட்டார் மூன்று தடவை வந்து, “சவுண்டு கூரா கீது, கொஞ்சம் கொற அண்ணாத்த” என்றார்கள். நானும் கொஞ்சம் வால்யூமைக் குறைத்தேன். அப்படியும் முன்வரிசை முழுக்க எழுந்து பந்திக்குப் போய்விட்டது. சாப்பாட்டு நேரத்துக்கு இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது.

இன்னொரு கோளாறும் இருக்கிறது. பெட்டியை ஆன் செய்தால் மெல்லிய ரீங்காரம் ஒன்று வருகிறது. ஆஃப் செய்து ப்ளக்கைப் பிடுங்கிய பிறகும் நிற்பதில்லை. சில நாள் நான் வீட்டுக்கு வந்து சாப்பிட்டு முடிக்கும் வரை கேட்கிறது. கபாசிட்டரில் கரண்ட் தங்குகிறது போலிருக்கிறது. அதையும் பார்.

கோபப்படாதே. இந்தக் காலத்தில் எந்தப் பொருளும் ஒழுங்காக இல்லை. வீட்டுக்குப் புதுக் குக்கர் வாங்கினோம். நாலு விசில் வந்தால் அணைத்துவிடு என்று சொல்லிவிட்டு ஸ்ரீதேவி தண்ணீர் பிடிக்கப் போனாள். நான் அடுப்புக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து கேபிளுக்கு சால்டர் வைத்துக்கொண்டிருந்தேன். ஒரு விசில்கூட வரவில்லை. பருப்பு கருகிவிட்டது. அவள் வந்து, “கொழாயடி வரைக்கும் விசிலு கேக்குது, பக்கத்துல குந்திகினு இன்னா பண்ணிகினு இருந்த?” என்று என்னையே திட்டுகிறாள்.

பெட்டியை இன்று பஸ் பார்சலில் போட்டிருக்கிறேன். சரிசெய்து சீக்கிரம் அனுப்பு. ஆடி மூன்றாம் ஞாயிறு கொக்கிலமேட்டில் அம்மன் திருவிழா. பதினெட்டு வருடமாக அது நம் கையில் இருக்கிறது. கல்பாக்கம் குடியிருப்புச் சங்கத்து ஆண்டு விழாவைப் பொத்தேரிப் பக்கமிருந்து வந்த ரோஹித் என்பவன் தட்டிக்கொண்டு போய்விட்டான். கொக்கிலமேடும் போனால் கடையைப் பூட்டிச் சாவியை ஸ்ரீதேவியிடம் கொடுத்துவிட்டு நான் சும்மா உட்கார வேண்டியதுதான். எனக்கு வேறு எந்த வேலையும் தெரியாது. உனக்கே தெரியும்.

உன் மகளுக்கு என் ஆசிகள். என்ன மார்க் என்று திரும்ப எழுது, போனில் பாதிதான் விழுந்தது.

இப்படிக்கு,
உன் முன்னாள் கூட்டாளி,
பூவராகவன்.


திருக்கழுக்குன்றம்,
ஜூலை 4.

ஜெபக்குமாருக்கு,

பெட்டி வந்து சேர்ந்தது. நீ எதையும் சரிசெய்யவில்லை என்பதும் உன் கடிதத்திலிருந்து தெரிந்தது. முப்பத்தொரு ஸ்லைடரையும் மீட்டர் வைத்து அளந்தேன், எல்லாம் சரியாக இருக்கிறது, இதோ அளவு என்று ஒரு தாளை வைத்திருக்கிறாய். 4000-ஐச் சுற்றிச் சிவப்பு மையில் வட்டம் வேறு. எனக்குக் காகிதம் எதற்கு? ஜனங்கள் காகிதத்தையா கேட்கிறார்கள்? ஒரு காலத்தில் நீயும் காதால் வேலை செய்தவன்தான். இப்போது எதற்கெடுத்தாலும் மீட்டர்.

நேற்று நடந்ததைச் சொல்கிறேன். கொக்கிலமேட்டில் வலை பின்னும் கூடம் திறப்பு விழா. காலை பத்து மணி, கடல்காற்று, நல்ல கூட்டம். ஊர் நிர்வாகத்தில் இப்போது பன்னீர்செல்வம்தான் தலைவர், உனக்குத் தெரியும், ஃபைபர் படகு வைத்திருப்பவர். அவர் மைக்கைப் பிடித்தார். நான் உன் பெட்டியில் அந்த நான்கு ஸ்லைடரையும் உச்சியில் வைத்திருந்தேன். இரண்டு வார்த்தை பேசியிருப்பார். கூட்டம் முழுக்கக் காதைப் பொத்திக்கொண்டது. பொம்பளைகள், ஆம்பளைகள், மேடையில் இருந்த அதிகாரி எல்லோரும் ஒரே நேரத்தில், சொல்லிவைத்த மாதிரி. கைக்குழந்தைகள் வாயைத் திறந்து அழுதன.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. எங்கோ கொசு பறக்கிற மாதிரி ஒரு சத்தம், அவ்வளவுதான். மைக் விசில் அடித்ததாம். நான் சவுண்ட் மிக்சருக்குப் பின்னால் நின்று, எல்லோரும் ஏன் காதைப் பொத்திக்கொண்டிருக்கிறார்கள் என்று சிரித்த முகமாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். சிரித்ததுதான் தப்பாகிவிட்டது. மீன் விற்கிற அம்மா ஒருத்தி வந்து மைக் ஒயரைப் பிடுங்கி என் முன்னால் போட்டு, “எங்களப் பாத்தா சிரிப்பா கீதா ஒனக்கு?” என்றாள். முப்பது வருடம் இந்தத் தொழிலில் இருக்கிறேன். யாரும் என் ஒயரைப் பிடுங்கியதில்லை.

ரோஹித் ஆள் விட்டுச் செய்தான் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் கைக்குழந்தைக்கு யார் சொல்லிக்கொடுப்பார்கள்?

பன்னீர்செல்வம் தனியாகக் கூப்பிட்டுப் பேசினார். மரியாதையாகத்தான் பேசினார், அதுதான் இன்னும் வலித்தது. “இத்தினி வருசம் பயகினோம்னு பாக்கறேன் அண்ணாத்த. திருவிழாவுக்கு முன்னாடி வெள்ளிக்கெயம சாயங்காலம் வந்து போட்டுக் காட்டு. காதுக்கு நல்லா இருந்தா ஒனக்கு. இல்லாங்காட்டி அந்தப் பொத்தேரிப் புள்ளைக்குச் சொல்லிடுவோம்” என்றார். பதினெட்டு வருடம் சவுண்ட் வைத்த ஊரில் நான் பரீட்சை எழுத வேண்டும். உன் பெட்டியால் எனக்குக் கிடைத்த மரியாதை இது.

பழைய பெட்டியையே கொண்டுபோய்விடலாம் என்று எடுத்தேன். அதில் பாதி ஸ்லைடர் துருப்பிடித்துக் கரகரக்கிறது. போன மாதம்தான் அதைப் பிரித்து இரண்டு பாகத்தை எடுத்துவிட்டேன். எல்லாம் உன்னை நம்பிச் செய்தது.

கடைசியாக, உன் கடிதத்தின் அடியில் ஒரு வரி எழுதியிருக்கிறாயே, அதைப் பற்றி. ‘உன் காதை நம்பாதே, ஸ்ரீதேவியை நிற்க வைத்து 4000-ஐ ஏற்றி இறக்கிப் பார்’ என்று. என்ன தைரியம்! மின்சாரப் பெட்டியைத் தொடவே பயப்படுகிறவள், அவள் வந்து எனக்கு சவுண்ட் சொல்ல வேண்டுமா? அதைப் படித்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. நான் என்ன குறை வைத்தேன் உனக்கு?

உன் ரீங்காரமும் அப்படியேதான் இருக்கிறது.

ஆடி முடியும் வரை உனக்கு எழுதுவதாக இல்லை. மகள் கல்லூரியில் சேர்ந்துவிட்டாளா என்பதை மட்டும் தெரிவி. அந்தக் குழந்தை மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை.

பூவராகவன்.


திருக்கழுக்குன்றம்,
ஆகஸ்ட் 12.

அன்புள்ள ஜெபாவுக்கு,

இந்தக் கடிதத்தை நான்கு முறை தொடங்கிக் கிழித்துவிட்டேன். இது ஐந்தாவது. கிழிக்காமல் அனுப்ப வேண்டும் என்று ஸ்ரீதேவி எதிரில் உட்கார்ந்திருக்கிறாள்.

உன் அந்த ஒரு வரியை நான் மறைத்துத்தான் வைத்திருந்தேன். சட்டையைத் துவைக்க எடுத்தபோது அவள் படித்துவிட்டாள். மறுநாள் சாயங்காலம் கடைக்கு வந்து, ஷட்டர் பக்கம் திரும்பி நின்றுகொண்டு, “நீ ஏத்து எறக்கு, நான் கை தூக்கறேன்” என்றாள். அவளுக்குப் புத்தி வரட்டும் என்று ஒரு பாட்டைப் போட்டுவிட்டு 4000-ஐ ஏற்றினேன். கை மேலே போயிற்று. இறக்கினேன், கை இறங்கியது. பாதியில் நிறுத்தினேன், கை பாதியில் நின்றது. ஏமாற்றுவதற்காகத் தொடாமலே இருந்தேன். கை அசையவில்லை. அரைமணி நேரம் செய்தோம். ஒருமுறைகூட அவள் தப்பவில்லை. எனக்கு எந்த முறையும் எந்த வித்தியாசமும் கேட்கவில்லை.

அன்றைக்கு நான் அவளோடு சண்டை போட்டேன். என்னென்னவோ சொன்னேன், எழுதக் கூசுகிறது. அவள் எனக்குக் கேட்காமல் போனதையெல்லாம், குக்கர், டீவி, வாசலில் அடிக்கிற காலிங் பெல் என்று ஒவ்வொன்றாகச் சொன்னாள். மூன்று வருடமாகவே அவளுக்குச் சந்தேகம் இருந்திருக்கிறது.

செங்கல்பட்டுக்கு இழுத்துக்கொண்டு போனாள். பெரிய ஆஸ்பத்திரியில் காது பிரிவு. ஒரு சின்ன அறையில் உட்கார வைத்துக் கதவைச் சாத்தினார்கள். ஹெட்போனை மாட்டிவிட்டு, சத்தம் கேட்டால் பட்டனை அழுத்துங்கள் என்று அந்தப் பெண் சொன்னாள். அப்படியொரு அமைதியான அறையை நான் என் வாழ்க்கையில் பார்த்ததில்லை. அங்கே உன் பெட்டி இல்லை, கபாசிட்டர் இல்லை, ஒன்றும் இல்லை. அந்த ரீங்காரம் மட்டும் என்னோடு உள்ளே வந்து உட்கார்ந்திருந்தது.

பிறகு ஒரு தாள் கொடுத்தார்கள். டாக்டர் விளக்க ஆரம்பித்தார். நான் வேண்டாம் சார் என்றேன். 250, 500, 1000, 2000, 4000, 8000 என்று மேலே எழுதியிருந்தது. நம் பெட்டியின் முகப்பில் இருக்கிற அதே எண்கள். அந்த வரிசையைத்தானே முப்பது வருடமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்? 1000 வரை ஸ்லைடரெல்லாம் ஒழுங்காக நிற்கிறது. 2000-இல் கொஞ்சம் இறக்கம். 4000-இல் யாரோ ஒரே இழுப்பாக அடிவரை இறக்கிவிட்டிருக்கிறார்கள். நான் தேடிக்கொண்டிருந்த அந்த இருபத்து நான்காவது ஸ்லைடர் என் தலைக்குள் இருந்தது.

பழைய பெட்டியில் மட்டும் எப்படிக் கேட்டது என்பது வரும் வழியில் பஸ்ஸில்தான் புரிந்தது. நீ சொன்னதுதான். அதில் 4000-ஐ ஏற்றினால் பக்கத்திலிருக்கும் 2000, 3000 எல்லாம் சேர்ந்து ஏறும். எனக்கு மிச்சமிருந்த அந்தப் பக்கத்துச் சத்தத்தைக் கேட்டுவிட்டு 4000-ஐக் கேட்டதாக நினைத்துக்கொண்டிருந்தேன். உன் பெட்டி 4000 என்றால் 4000-ஐ மட்டும்தான் அசைக்கிறது. ஒளிந்துகொள்ள அதில் இடமே இல்லை. அந்தத் துருப்பிடித்த பெட்டி இத்தனை வருடம் என்னைக் காப்பாற்றிக்கொண்டிருந்தது என்றுகூடச் சொல்லலாம். ஜனங்களை யார் காப்பாற்றினார்கள் என்று தெரியவில்லை.

கொக்கிலமேட்டு வெள்ளிக்கிழமைக்குப் போனேன். போக மாட்டேன் என்றுதான் இருந்தேன். ஸ்ரீதேவி ஒரு மஞ்சள் துண்டை எடுத்துக்கொண்டு வண்டியில் முதலில் ஏறி உட்கார்ந்துவிட்டாள். பந்தலில் பொம்பளைகளுக்கு நடுவில் போய் உட்கார்ந்துகொண்டாள். சத்தம் காதில் குத்தினால் துண்டைத் தோளுக்கு மேலே தூக்குவாள், சரியானால் மடியில் போடுவாள், மங்கினால் தரையைக் காட்டுவாள். நான் காதை விட்டுவிட்டு அவள் கையைப் பார்த்தே ஒவ்வொரு ஸ்லைடராக இறக்கினேன். 3150-ஐ நடுக்கோட்டுக்கு. 4000-ஐ அதற்கும் கொஞ்சம் கீழே. மைக் லேசாக விசில் அடித்த இடத்தை அவள் முகத்தைச் சுளித்தே காட்டினாள், அதை மட்டும் கிள்ளி எடுத்தேன். பேசியவர் குரல் குறையவில்லை என்று துண்டு மடியிலேயே கிடந்தது. அது உன் பெட்டியில்தான் முடியும். இதை என் கையால் எழுதிவிட்டேன், வைத்துக்கொள்.

பன்னீர்செல்வம் மைக்கில் திருவிழா வரி கொடுத்தவர்கள் பெயர்களைப் படித்துவிட்டு இறங்கி வந்தார். “இப்பத்தான் அண்ணாத்த வார்த்த வார்த்தையா கேக்குது. இன்னா பண்ண?” என்றார். ஜெபா, எனக்கு அது போர்வையைப் போட்டு மூடின மாதிரி இருந்தது. ‘ஸ்’ இல்லை, ‘ச்’ இல்லை, வெறும் முனகல். ஊரே தலையாட்டுகிறது, நான் மட்டும் வேறெங்கோ நிற்கிறேன். நல்ல சவுண்ட் என்பது இனிமேல் எனக்கு இப்படித்தான் இருக்கும்.

ஒன்றை ஒத்துக்கொள்கிறேன். அவர் கேட்டதற்கு, “மெஷின்ல கோளாறு, ரிப்பேர் பண்ணிட்டேன்” என்று சொல்லிவிட்டேன். வாய் தானாகச் சொல்லிவிட்டது. அவரும் திருவிழா அன்று பத்துப் பேர் எதிரில், “இந்த நாகர்கோயில் டப்பாவத் தூக்கிக் கடல்ல போடு, நல்லதா ஒண்ணு வாங்கு” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். எனக்குப் பொறுக்கவில்லை. மெஷினில் ஒன்றுமில்லை, போனது என் காது, போன தடவை உங்களை வாட்டியதும் என் காதுதான் என்று அத்தனை பேர் முன்னாலும் சொன்னேன். அந்த மீன்கார அம்மாவும் நின்றுகொண்டிருந்தாள்.

பன்னீர்செல்வம் குனிந்து பெட்டியைப் பார்த்தார். பிறகு, “அப்ப இன்னிக்கு வச்சது யாரு?” என்றார். அன்றும் பந்தலில் உட்கார்ந்திருந்த ஸ்ரீதேவியின் மஞ்சள் துண்டைக் காட்டினேன். “அப்ப அடுத்த வருசமும் அண்ணியக் கூட்டிக்கினு வா” என்று சொல்லிவிட்டுக் கரகம் எடுக்கப் போய்விட்டார். அவ்வளவுதான். திருவிழா நம் கையில்தான் இருக்கிறது. ஆனால் எனக்குச் சந்தோஷப்பட இன்னும் வரவில்லை. யார் மேலாவது கோபப்பட வேண்டும் போலவே இருக்கிறது. நாள் முழுக்கத் தேடியும் ஆள் கிடைக்கவில்லை.

பிறகு உன் நினைவு வந்தது.

நாம் வேலை செய்த பன்னிரண்டு வருடமும் அந்தப் பெரிய ஸ்பீக்கர் பாக்ஸுக்கு இடப்பக்கம் நான் நின்றேன். வலப்பக்கம் நீ நின்றாய். என் தாளில் பாக்ஸ் பக்கம் இருந்த வலது காதுதான் அதிகம் இறங்கியிருக்கிறது. உனக்குப் பாக்ஸ் பக்கம் இருந்தது இடது காது. உனக்கு முதுகு வலி என்றாய். நீ பாக்ஸ் தூக்கும்போது ஒருநாளும் முதுகைப் பிடித்து நான் பார்த்ததில்லை. மீட்டர் இல்லாமல் நீ ஒரு ஸ்லைடரைத் தொடுவதில்லை. கழுத்துச் சுளுக்கு என்று வலது காதையே என் பக்கம் திருப்பிக்கொண்டிருந்தாய். ஸ்ரீதேவியை நிற்க வைத்துப் பார்க்கச் சொல்கிற யோசனை ஒருத்தனுக்குச் சும்மா வராது. உன் வீட்டில் யார் நின்றார்கள், தங்கச்சியா?

ஆறு வருடத்துக்கு முன்னால் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே, பாவி. சொல்லியிருந்தால் நான் கேட்டிருக்க மாட்டேன் என்பது வேறு விஷயம். உன்னையும் ஊரைவிட்டு ஓடுகிறவன் என்று திட்டியிருப்பேன். ஆனாலும் சொல்லியிருக்கலாம்.

ஒரு உதவி. 3150 முதல் 6300 வரை நான்கு ஸ்லைடருக்கும் சேர்த்து ஒரு தகட்டு மூடி செய்து அனுப்பு, சின்னப் பூட்டோடு. சாவி ஸ்ரீதேவியிடம் இருக்கட்டும். என் கை பழக்கத்தில் மேலே போய்விடுகிறது. காதில் வைக்கிற மெஷினுக்கு அடுத்த மாதம் வரச் சொல்லியிருக்கிறார்கள். அதிலும் 4000-ஐ எவ்வளவு ஏற்றுவது என்று அவர்களே வைத்துத் தருவார்களாம். என் கையில் கொடுக்க மாட்டார்களாம்.

போன் செய்யாதே. நாம் இரண்டு பேரும் கத்தி என்ன ஆகப்போகிறது? எழுது. நீ எழுதினால் உன் குரல் பழையபடி ஒவ்வொரு எழுத்தாகக் கேட்கிறது, ‘ஸ்’ உள்பட.

என் தாளின் நகலை இதோடு வைத்திருக்கிறேன். உன் தாளையும் அனுப்பு. இல்லை என்று மட்டும் எழுதிவிடாதே.

மகளுக்கு எங்கள் இருவரின் ஆசிகள். உன் கர்த்தரும் எங்கள் வேதகிரீசுவரரும் உன்னை நன்றாக வைத்திருக்கட்டும். அந்த வலது காதையாவது பத்திரமாகப் பார்த்துக்கொள், ஜெபா.

என்றும் உன் இடப்பக்கம் நிற்கும்,
பூவராகவன்.